அம்மா கேமராவைத் துண்டு போட்டு மூடுகிறார்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குக் கோலாலம்பூரில் வேலை, அண்ணன் சிங்கப்பூரில். அம்மாவுக்கு 74 வயது. அப்பா காலமான பிறகு பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் தனியாக இருக்கிறார். போன தீபாவளிக்கு வந்த அண்ணன் கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என இரண்டு வைஃபை கேமரா மாட்டிவிட்டுப் போனார். அம்மா கூடத்துக் கேமராவைத் துண்டு போட்டு மூடிவிடுகிறார். அண்ணனுக்குக் கோபம். "இந்தப் படத்தை வேறு யாராவது பார்க்க முடியுமா? ‘போனு நாம பேசறத எல்லாம் ஒட்டுக் கேக்குது’ என்கிறார் அம்மா, அதுவும் உண்மையா? யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறார்.

நான் அம்மா பக்கம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பினாங்கில் பதினாறு வருடமாகக் கேமரா, அலாரம், ஆட்டோகேட் மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டு சோதிக்கிற பிரிவில் இருந்தேன். கேமரா விற்றுச் சாப்பிடுகிறவனே கேமராவுக்கு எதிராகப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். வாசலுக்குக் கேமரா என்றால் இன்றைக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். கூடத்துக்கு என்றால்தான் நின்று இரண்டு கேள்வி கேட்பேன். (நம் தமிழ்ச் செய்திகளில் சிலர் சிசிடிவியை ‘மறைக்காணி’ என்று எழுதுகிறார்கள். கூடத்து நடுவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதில் மறைவு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.)

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு வெள்ளிக்குள் கிடைக்கிற இந்தச் சின்னக் கேமராக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வைஃபையில் சேர்ந்த உடனே, தயாரித்த கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு ‘நான் இன்ன எண் கேமரா, இங்கே இருக்கிறேன், யாராவது தேடினால் சொல்’ என்று சொல்லி வைத்துக்கொண்டு காத்திருக்கும். சிங்கப்பூரில் அண்ணன் ஆப்பைத் திறந்தால் அவர் போனும் அதே சர்வரிடம் போய் விசாரிக்கும். சர்வர் இரண்டையும் கோத்துவிடும். முடிந்தால் படம் கேமராவிலிருந்து நேராகப் போனுக்குப் போகும். ரவுட்டர் இடம் கொடுக்கவில்லை என்றால் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பழைய பதிவெல்லாம் கேமராவுக்குள் செருகியிருக்கிற மெமரி கார்டில் இருக்கும். 64 ஜிபி கார்டு என்றால் ஏறக்குறைய ஒரு வாரத்துப் படம் நிற்கும், அப்புறம் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். மாதச் சந்தா கட்டியிருந்தால் கம்பெனியின் கிளவுடிலும் ஒரு பிரதி ஏறும்.

இப்போது, யார் பார்க்க முடியும்?

எல்லோரும் முதலில் பயப்படுவது முகம் தெரியாத ஹேக்கருக்குத்தான். அந்தப் பயம் வீண் இல்லை. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த ‘அட்மின், அட்மின்’ மாதிரி அறுபது சொச்சம் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். பாதிப் பேர் மாற்றியிருக்கவே மாட்டார்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நிரலுக்கு உங்கள் அம்மா வீட்டில் என்ன சமையல் என்பதில் அக்கறை இல்லை. பிடித்த கருவிகளை எல்லாம் சேர்த்து வேறு சர்வர்களைத் திணறடிக்கத்தான் பயன்படுத்தியது. இன்றைக்கு ஆப் வழியாகக் கணக்குத் திறக்கிற கேமராக்களில் இந்த ஓட்டை குறைந்திருக்கிறது. அதற்குப் பதில், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் திருடனுக்கு வழி. வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை இங்கே போட்டுப் பார்ப்பான். அண்ணனிடம் தனிப் பாஸ்வேர்டும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்தது கம்பெனிக்காரர்கள். 2023-இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்ற கேமரா நிறுவனத்தின் மேல் புகார் வைத்தது. ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர் வீடியோக்களைத் திறந்து பார்க்க முடிந்தது என்பது குற்றச்சாட்டு. ஓர் ஊழியர் மாதக்கணக்கில், படுக்கையறை, குளியலறை எனப் பெண்கள் இருந்த இடங்களில் மாட்டியிருந்த கேமராக்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார் என்று அந்த ஆவணம் சொல்கிறது. 58 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு விவகாரம் முடிந்தது. அடுத்த வருடம் பிப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில் சர்வர் குளறுபடி. சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் சின்னப் படங்கள் வந்து விழுந்தன. யாரும் திருடவில்லை. கம்பெனியே மாற்றிக் கொடுத்துவிட்டது.

மூன்றாவது, என்னைப் போன்ற ஆள். இதை யாரும் கேட்பதே இல்லை, அதனால் நானே சொல்கிறேன்.

இந்தக் கேமராக்களை முதலில் எந்தக் கணக்கில் சேர்க்கிறோமோ அந்தக் கணக்குதான் முதலாளி. பெட்டிமேல் இருக்கிற க்யூஆர் குறியீட்டை எந்தப் போன் ஸ்கேன் செய்கிறதோ அந்தப் போன்காரருக்குத்தான் உரிமை. மற்றவர்களுக்கு அவர் ‘பகிர’ வேண்டும். டெக்சாஸில் பெரிய அலாரம் நிறுவனம் ஒன்றின் டெக்னீஷியன், வேலைக்குப் போன வீடுகளில் தன் மின்னஞ்சலையும் சத்தமில்லாமல் கணக்கில் சேர்த்து வைத்தார். நாலரை வருடத்தில் சுமார் 200 வீடுகளை 9,600 தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார். 2021-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

அது வேண்டுமென்றே செய்தது. தெரியாமலும் நடக்கும், எனக்கு நடந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஃபார்லிம் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் வேலையில் இருந்தார், அவர் மனைவியின் போனில் இடம் இல்லை, ஆப் இறங்கவில்லை. சரி, சோதிப்பதற்கு என் போனில் சேர்ப்போம், மாலையில் மாற்றிவிடலாம் என்று சேர்த்தேன். இரவில் வீட்டுக்காரர் கூப்பிட்டார், பகிர்ந்துவிட்டேன், அவருக்குப் படம் தெரிந்தது, சந்தோஷம். உரிமையை மாற்றிக் கொடுக்க மறந்துபோனேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாசி கண்டார் கடையில் தட்டில் கையை வைத்திருக்கிறேன், போன் அதிர்கிறது. ‘கூடத்தில் ஆள் நடமாட்டம்’. இடது கையால் தொட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பையன் தரையில் குப்புறப் படுத்துப் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான். அம்மா கைலியோடு சோபாவில் கால் நீட்டியிருக்கிறார். நாலைந்து நொடிதான் இருக்கும். சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நேராகப் போய் உண்மையைச் சொல்லி, கேமராவை ரீசெட் செய்து அவர் போனிலேயே முதலிலிருந்து சேர்த்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதிலிருந்து, க்யூஆரை வீட்டுக்காரர் கையால்தான் ஸ்கேன் செய்ய வைக்கிறேன். போனில் இடம் இல்லை என்றால் மாட்டிவிட்டுப் போய்விடுவேன், இடம் ஆக்கிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று.

உங்கள் வீட்டில் அண்ணனே மாட்டியதால் இந்தத் தொல்லை இல்லை. வேறு யாரையாவது வைத்து மாட்டியிருந்தால் ஆப்பைத் திறந்து, ‘பகிர்வு’ என்கிற பகுதியில் யார் யார் பெயர் இருக்கிறது, கேமராவின் உரிமையாளர் யார் என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது நாலாவது ஆளுக்கு வருகிறேன். அம்மா துண்டு போடுவது அனேகமாக ஹேக்கருக்காக இல்லை.

ஜெலுத்தோங்கில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்குகிறவர். மகன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, கேமரா கெட்டுப்போச்சு, படம் முழுக்க ஒரே மெரூன் கலரா இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் லென்ஸ் நடுவில் ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சைஸ். பாட்டி ஒன்றும் தெரியாத மாதிரி, "காப்பி குடிக்கிறியாப்பா" என்கிறார். காப்பி முடிகிற நேரம்தான் விஷயம் வந்தது. பாட்டிக்குக் காலையில் மின்னல் எஃப்எம் வேண்டும். பழைய பாட்டு வந்தால் கூடவே பாடுவார், பெருக்குகிற துடைப்பத்தோடு ரெண்டு அடி ஆடவும் ஆடுவார். மகன் அலுவலகத்திலிருந்து அதைப் பார்த்து, ஆசையாகத்தான், பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பிள்ளை ஒருவன், "பாட்டி, இங்க ஒரு டான்ஸ் போடுங்க" என்றானாம். பாட்டி அதற்கப்புறம் கூடத்தில் பாடவில்லை. ரேடியோவைத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டு போய்விட்டார். அங்கேயும் கேமரா வரப்போகிறது என்று மகன் சொன்ன அன்றைக்குத்தான் பொட்டு ஒட்டினார்.

"ராத்திரில அது கண்ணு வேற செவக்குதுப்பா" என்றும் சொன்னார். அது உண்மைதான். இருட்டில் படம் எடுக்க அகச்சிவப்பு விளக்கு எரியும், மலிவான கேமராக்களில் அது மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நமக்கு அது விளக்கு. சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு விடிய விடியப் பார்க்கிற கண் என்றுதான் தனியாகப் படுக்கிறவருக்குத் தோன்றும்.

இன்னொரு வீட்டில் மகன் கேமராவிலிருக்கிற ஸ்பீக்கர் வழியாக, "அம்மா மருந்து சாப்ட்டீங்களா" என்று திடீரென்று கேட்க, அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டார். வீட்டில் யாரும் இல்லை என்று இருக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தால் எனக்கும் டம்ளர் விழும். போன் அடித்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்யலாம். கேமரா கூப்பிட்டால் அந்த உரிமை இல்லை.

ஃபேன் கூடத்தில்தான் இருக்கிறது என்பதால் புழுக்கத்தில் அங்கேயே புடவை மாற்றுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். முழங்காலுக்குத் தைலம் போடுவது, பல் செட்டைக் கழற்றி வைப்பது, அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவது, எல்லாம் கூடத்தில்தான். அண்ணன் அதையெல்லாம் பார்க்க நினைக்கவே மாட்டார். ஆனால் எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் நாள் முழுக்கப் பார்க்கிற மாதிரியே இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, போன் ஒட்டுக் கேட்கிறதா? அம்மா உங்களிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருப்பார், மறுநாள் முழங்கால் பட்டை விளம்பரம் வந்திருக்கும். எனக்கும் இப்படி வந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஒன்றையும் அவர்கள் காணவில்லை. சில ஆப்கள் திரையில் நடப்பதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியதைத்தான் கண்டார்கள். கணக்குப் போட்டும் பார்க்கலாம். குரலை நொடிக்கு வெறும் 24 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்பினால்கூட ஒரு நாளைக்கு 260 எம்பி போகும். அம்மாவின் பிரீபெய்ட் டேட்டா அரை மாதம் தாங்காது, நீங்கள்தான் டாப்அப் செய்துகொண்டே இருப்பீர்கள்.

அப்படியானால் அந்த விளம்பரம் எப்படி வந்தது? போன வாரம் நீங்கள் அம்மா வீட்டுக்குப் போனபோது, அதே வைஃபையில் ‘முழங்கால் வலி தைலம்’ என்று நீங்களே தேடியிருப்பீர்கள். ஒரே வைஃபையில் இருக்கிற போன்களை விளம்பரக் கம்பெனிகள் ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பார்க்கின்றன. அதுகூட வேண்டாம். வயது எழுபதுக்கு மேல், தமிழ்ப் பக்தி வீடியோ பார்க்கிறார், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் போன் மூன்று மணி நேரம் நிற்கிறது. இது போதாதா முழங்காலை ஊகிக்க? குறி சொல்கிறவர்கள் ஒட்டுக் கேட்டா சொல்கிறார்கள்? இன்னொன்று, நூறு விளம்பரத்தில் தொண்ணூற்றொன்பது பொருந்தாமல் போனதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

‘ஹேய்’ சொல்லிக் கூப்பிடுகிற, சிரி மாதிரியான குரல் உதவி ஆப்கள் விஷயம் வேறு. தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவு செய்த துண்டுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்பது 2019-இல் வெளியே வந்தது. அப்படிப்பட்ட வழக்கு ஒன்றை முடித்துக்கொள்ள ஆப்பிள் 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, தவறு செய்ததாக ஒத்துக்கொள்ளாமலே. மைக் திறந்தால் இப்போது ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி, புதிய ஆண்ட்ராய்டுகளில் பச்சைப் புள்ளி திரையின் மேல் ஓரத்தில் வரும். அம்மாவுக்கு அதைக் காட்டிக் கொடுங்கள்.

ஆனால் பாருங்கள், அம்மா சொன்னதில் ஒரு பாதி சரி. வீட்டில் நாள் முழுக்கக் காதைத் திறந்து வைத்திருக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அண்ணன் மாட்டிய கேமரா. அதற்குள் மைக் உண்டு, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பெரும்பாலும் திறந்துதான் இருக்கும், படத்தோடு பேச்சும் அதே மெமரி கார்டில் பதிவாகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து தன் மருமகளைப் பற்றிப் பேசியதும் சிங்கப்பூருக்குப் போயிருக்கும். ஆப்பில் ‘ஆடியோ பதிவு’ என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். முதல் வேலையாக அதை மூடச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்து 2013 நவம்பரில் அமலானது. 2024-இல் திருத்தி, அபராத உச்சவரம்பை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் அது வணிகம் சம்பந்தப்பட்ட தரவுக்கு. வீட்டுக்குள், குடும்பத்துக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது. கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. 2019 ஜனவரியில் ஜோர்ஜ்டவுன் தெருக் கேமராக்களில் முகம் அடையாளம் காணும் வசதியை ஏற்றியபோது பலருக்கு இந்த இடைவெளி உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

வெளி ஆள் என்றால் நீதிமன்றம் இருக்கிறது. சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆம் விதி சொல்கிற தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஜொகூரில் 2011-இல், எதிர்த்த வீட்டுக்காரர் தன் கேமராவைத் தங்கள் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார் என்று ஒரு குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றது. வாசல் கேமரா மாட்டும்போது இதைச் சொல்லித்தான் கோணம் வைக்கிறேன்: உங்கள் கேட், உங்கள் கார், அதோடு நிறுத்துங்கள். ஆனால் அம்மாவைப் பார்க்கிற அண்ணனை எந்தச் சட்டமும் கேட்காது. அம்மாவிடம் இருக்கிற ஒரே சட்டம் அந்தத் துண்டுதான்.

கேமரா பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கிற 74 வயதுக்காரருக்குக் கூடத்துக்குள் வருகிற திருடனைவிட, போனில் வருகிற திருடன்தான் அதிகம். நம் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணைப் பாருங்கள்: முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதோடு பெயரும் போன் எண்ணும் சேர்ந்தால், ‘உங்கள் பெயரில் போலீஸ் வழக்கு இருக்கிறது’ என்று நம்பும்படி பேச ஒருவனுக்கு வேறெதுவும் வேண்டாம். 2017-இல் 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது வெளியானது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3.2 கோடி. ஆகவே உங்கள் அம்மாவின் எண் எங்கோ ஒரு பட்டியலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி இருக்கிற அடுக்குமாடியில் ஜாகா (காவலாளி) மைகார்டைக் கேட்டால் அதைக் கையில் கொடுத்துவிட்டு மேலே போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதைப் பிடித்து வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொடவே கூடாது, எந்த மாப்பிள்ளை வீட்டிலும் பத்திரிகையை ஆப்பாக அனுப்புவதில்லை. பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இதையெல்லாம் கூடத்துக் கேமரா தடுக்காது. அம்மா ஓடிபி எண்ணை யாருக்கோ வாசித்துக் காட்டுவதை அது தெளிவாகப் படம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

அண்ணனின் பயத்தையும் நான் தள்ளவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பதுதான் அவர் கவலை. ஆனால் குளியலறையில் கேமரா வைக்க மாட்டார். விழுகிற இடத்தைப் பார்க்காத கேமராவுக்கு ஏன் கூடத்தில் இவ்வளவு சண்டை? அந்தக் கவலைக்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுகிற சென்சார் விரல் அளவுதான். காலை பத்து மணி வரை கதவு திறக்கவில்லை என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வரும். பொத்தான் பேட்டரி ஒரு வருடம் ஓடும். படமும் இல்லை, பேச்சும் இல்லை. ரேடார் அலையால் ஆள் நடமாட்டத்தை மட்டும் அறிகிற சென்சாரும் இப்போது கிடைக்கிறது. குளியலறைக்குள் சுவரில் அழுத்துகிற அவசரப் பொத்தான் மாட்டலாம், விழுந்தால் எட்டுகிற மாதிரித் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் பெரியவர்கள் குளிக்கப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள், சார்ஜ் போட மறந்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் அது மேசை டிராயரில் இருக்கும்.

கேமரா இருந்தே ஆக வேண்டும் என்றால் சமையலறைக் கேமராவைக் கழற்றி வாசலுக்குக் கொண்டு போங்கள். கூடத்துக் கேமராவை அம்மாவின் நாற்காலியைப் பார்க்காமல் வாசற்கதவைப் பார்க்கிற மாதிரித் திருப்புங்கள். ஸ்பீக்கரில் பேசக் கூடாது, போன் போட்டுவிட்டுப் பேச வேண்டும். எந்தப் பதிவும் குடும்பக் குழுவுக்குப் போகக் கூடாது, ஆசையாக இருந்தாலும். அப்புறம் முக்கியமானது, அடாப்டர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் அதை டிவி அலமாரிக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் செருகியிருப்பார், நானும் அப்படித்தான் செருகுவேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. அதை வெளியே கொண்டு வந்து, அம்மா உட்கார்ந்தபடியே தொடக்கூடிய பிளக்கில் போடுங்கள். நம் ஊர் மூன்று கால் பிளக்குக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆப்பில் ‘பிரைவசி மோட்’ இருக்கிறதே என்று அண்ணன் சொல்வார். அந்தப் பொத்தான் அவர் போனில் இருக்கிறது. அம்மா கையில் இருக்க வேண்டியது சுவரில் இருக்கிற சுவிட்ச்.

ஜெலுத்தோங் பாட்டி வீட்டில் இதைத்தான் செய்தோம். மகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஆஃப் பண்ணிட்டா அப்புறம் எதுக்கண்ணே கேமரா" என்றார். ஒரு மாதம் பார்ப்போம் என்றேன். பாட்டி இரவு படுக்கும்போது சுவிட்சைப் போட்டுவிடுவார், பாசாருக்குக் கிளம்பினாலும் போடுவார். காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வந்து அணைப்பார், அப்புறம் ரேடியோ. அணைத்த கொஞ்ச நேரத்தில் மகன் போனுக்கு ‘கேமரா ஆஃப்லைன்’ என்று செய்தி வரும். மகனுக்கு இப்போது அதுதான் அலாரம், அம்மா எழுந்துவிட்டார் என்று. அவர் படத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பதரை வரைக்கும் அந்தச் செய்தி வரவில்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். பாட்டி விடிகாலையிலேயே தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டாராம், சுவிட்சைப் போட்டபடியே.